கதவக் கழட்டுங்கண்ணே

இல்லண்ணே, தாழ்ப்பாள மட்டும் எடுத்தா பத்தாது. கதவு மொத்தமா போகணும். நிலையும் சேத்துத்தான். செவுரு பேந்தா பேந்துட்டுப் போகட்டும், அத நான் பாத்துக்கறேன். நாலு மணிக்கு எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துடுவா. அவ வரும்போது இங்க கதவுன்னு ஒண்ணு இருந்ததே தெரியக் கூடாது.

நல்ல மரம்தான், யாரு இல்லன்னா? ரெண்டு வருஷம் முன்னாடி நானே கடை கடையா ஏறி எறங்கி வாங்கினது. சத்தம் உள்ள வராத கதவா குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். நீங்களே எடுத்துட்டுப் போங்க. விறகாக்குங்க, என்னமோ பண்ணுங்க.

உள்ளயா? ஆபீஸ்தான். என் ஆபீஸ். சினிமாவுக்கு, சீரியலுக்கெல்லாம் கீழ எழுத்து ஓடுது பாருங்க, அத எழுதறதுதான் என் வேல. யாருகிட்டயும் கைகட்டி நிக்க வேணாம், வீட்லேர்ந்தே செய்யலாம்னு இருந்த வேலைய விட்டுட்டு வந்தேன். மொத வருஷம் மானம் போச்சுண்ணே. ஒரு வரி எழுதுவேன், குக்கர் விசில் அடிக்கும். இன்னொரு வரி எழுதுவேன், இவ பென்சில் காணோம்னு வந்து நிப்பா. சொன்ன தேதிக்கு எதையும் குடுக்க முடியல. வேல குடுக்கறவர் ஒருத்தர் மூஞ்சிக்கு நேராவே கேட்டாரு, உங்களுக்கு இது பொழுதுபோக்காம்மான்னு. சுருக்குன்னு ஆயிடுச்சு எனக்கு.

அப்பதான் பழக்கம், பழக்கம்னு ஒரு பைத்தியம் புடிச்சுது. அஞ்சு மணிக்கு எந்திரி. வெளிய ஆபீஸுக்குப் போற மாதிரியே நல்ல துணிய உடுத்து. ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஃபோன அணைச்சு டிராயர்ல போடு, ஹெட்போன மாட்டு, கதவ சாத்து. என்ன ஆனாலும் சரி, யாரும் தட்டக் கூடாது. பன்னெண்டு அடிச்சாத்தான் தொறப்பேன்.

சிரிக்காதீங்க, பலிச்சுது! ஆறே மாசத்துல வேல வந்து குவிஞ்சுது. பொழுதுபோக்கான்னு கேட்ட அந்த மனுஷனே திரும்பி வந்து கெஞ்சினாரு. எனக்குத் தலைகால் புரியல. வீட்டையும் பழக்கிட்டேன்ல? இவளுக்கு அப்ப அஞ்சு வயசு. சின்ன முள்ளு பன்னெண்டுக்கு வந்தாத்தான் அம்மான்னு சொல்லிக் குடுத்தேன். ஒரே ஒரு தடவ தட்டிட்டா. அன்னிக்கி நான் கத்தின கத்துல கொழந்தைக்கு ஜுரமே வந்துடுச்சு. அதுக்கப்புறம் தட்டினதே இல்ல.

நேத்து லீவு. காலைல வெளையாடப் போனவ முட்டி கிழிஞ்சு ரத்தம் ஒழுக வந்தா. நான் வேலைய நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, உள்ள சும்மாதான் உக்காந்திருக்கேன். கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. இவ உள்ள வரல. வெளிய தரையில உக்காந்துகிட்டு, மணி என்னாச்சும்மான்னு கேக்குறா. வாடி செல்லம்னு தூக்கப் போனா, நிலையப் புடிச்சிகிட்டு விடவே மாட்டேங்கிறா. அதான் நிலையும் வேணாங்கிறேன்.

வீட்டுக்காரரா? இல்லண்ணே. போன மாசம் தவறிட்டாரு. நெஞ்சு. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நீங்க எதுக்கு சுத்தியல கீழ வெக்கிறீங்க? மணி ரெண்டரை ஆகுது. கைய நிறுத்தாதீங்கண்ணே, உங்க கால்ல வேணா விழறேன்.

நானா? வீட்லதான் இருந்தேன். இங்கதான், இதுக்குள்ளதான். சனிக்கிழம, அவருக்கு லீவு, சமையல் அவரோடது. பன்னெண்டு அடிச்சுது, தொறந்தேன். எதுக்கவே எம் பொண்ணு நிக்கிறா. அம்மா, நான் தட்டவே இல்லன்னா. பழக்கதோஷத்துல சமத்துன்னு கன்னத்தக் கிள்ளி ஒரு முத்தம் குடுத்தேன். அப்புறம்தான் சொன்னா, அப்பா பத்து மணிக்கு சமையக்கட்டுல விழுந்தாரு, இன்னும் எந்திரிக்கலன்னு.