அடித்துவிட்டு ஓடாதவர்

மூடுபனிக்குள் வெரிபீ ஊருக்கான ரயில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. என் எதிர் இருக்கையில், கிடங்கு வேலைக்கான மஞ்சள் சட்டை போட்டவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“பேஸ்போல் டீமுக்கு இனி வர வேண்டாமாம். என்னாலதான் தோத்ததாம்.”

மடிக்கணினிப் பையோடு அவர் பக்கத்திலிருந்த நண்பர் கேட்டார்: “அப்படி என்னங்க பண்ணீங்க?”

“பந்தை அடிச்சிட்டு ஓடாம நிண்டிட்டன். கிரிக்கெட் பழக்கம்.”

“பேஸ்பால்ல அடிச்சா ஓடியே ஆகணுமே!”

“ஓம். ஆனா பந்து மேகத்துக்குள்ள போய், இறங்க மனமில்லாத மாதிரி மிதந்தது. பாத்துக்கொண்டே நிண்டனான். பிடிக்க வந்தவன் பந்தைக் கோட்டை விட்டும், ஓடாததால நான் அவுட்.”

“ஓடுன்னு ஒருத்தர்கூடக் கத்தலையா?”

அவர் அப்போதுதான் நண்பர் பக்கம் திரும்பினார்.

“இல்லை. டீம் ஆக்களும் வாயைப் பிளந்தபடி அதையே அண்ணாந்து பாத்துக்கொண்டெல்லோ நிண்டவை.”