தாழ்ப்பாள் போட்ட பிரிட்ஜ்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில், என் பின்சீட்டில் ஒரு குரல் கேட்டது.

"பிரிட்ஜுக்குத் தாழ்ப்பாள் போட்டீகளாண்ணே?"

பிரிட்ஜுக்கு யார் தாழ்ப்பாள் போடுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மீன்பிடிப் படகில் சமைக்கிற கொட்டாம்பட்டிக்காரர் ஒருவர். பக்கத்தில் திருப்பரங்குன்றத்து மெக்கானிக். நடுவில் அட்டைப்பெட்டியில் சின்ன பிரிட்ஜ்.

"போட்டாச்சு மாப்ள. பட்டறையில எல்லாரும் சிரிச்சாய்ங்க."

"அலை அடிச்சா கதவு தொறந்துருதுண்ணே. பழைய பிரிட்ஜுல அப்படித்தான் எங்க படகு டிரைவரோட இன்சுலின் பூராம் விழுந்து ஒடைஞ்சிருச்சு. அதுலருந்து மனுசன் கடலுக்கே வரல."

"வைக்கிற எடத்த அளந்துட்டேல்ல?"

"கயித்துல முடிச்சுப் போட்டு அளந்தேன். அகலம், உசரம் எல்லாம் சரியா இருக்கு."

"சமையக்கட்டுக்குள்ள எறங்குற வாசல?"

பஸ் சிலைமானைத் தாண்டும்போது சமையல்காரர் அந்தக் கயிற்றை எடுத்து முடிச்சுகளை எண்ணினார்.

"அத அளக்கலண்ணே. ஆனா டிரைவரு அது வழியாத்தான் சாப்பிட எறங்குவாரு."

"ஆளு எம்புட்டு இருப்பாரு?"

சமையல்காரர் இரண்டு கையையும் அகல விரித்தார். மெக்கானிக் அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப இது தாராளமா எறங்கிரும். போனைப் போடு. ஊசி மருந்த எடுத்துக்கிட்டு டிரைவரைக் கரைக்கு வரச் சொல்லு."