மடங்காத கை

என் மகனுக்குச் சோறு சூடாக இருக்கக் கூடாது. ஆறவைத்துப் பிசைந்தால்தான் இறங்கும். கார்த்திகேசனை எனக்கு எவ்வளவு தெரியும் என்று நீங்கள் புரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம்.

அவன் அப்பா சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் நானும் அவனும்தான். அவன் திருமழிசையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமையானால் கிரிக்கெட். பந்து வீசி வீசி வலது முழங்கை மூட்டுக்குள் எலும்புத் துணுக்குகள் உடைந்து கிடந்தன. சட்டை போடும்போதே கை பாதியில் மாட்டிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கை சரியானால் போய்விடுவான். அம்பத்தூரில் ஒரு டாக்டர் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, துணுக்குகளை எடுத்துவிட்டார். தழும்புகூடப் பெரிதாக இல்லை. நல்ல டாக்டர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவன் மயக்கம் தெளியாமல் படுத்திருந்ததால் டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "நாளையிலேருந்தே கையை மடக்கி நீட்டணும்மா. கட்டுப் போட்டு அசையாம வெச்சிடாதீங்க. எண்ணெய் போட்டு நீவவே கூடாது. நீவினா தசைக்குள்ள எலும்பு வளந்து மூட்டு இறுகிடும்."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் காய்ச்சினேன். "கையை அசைக்கவே கூடாதாம்டா. தினமும் எண்ணெய் போட்டு அழுத்தி நீவி, நீட்டின மாதிரியே இறுக்கிக் கட்டணும்னு டாக்டர் சொன்னாரு" என்றேன். நம்பினான். பெற்றவள் சொன்னதை எந்தப் பிள்ளை போய் விசாரிப்பான்? கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து சௌம்யா என்ற பெண் வந்தாள். அவன் அயனம்பாக்கத்தில் அத்தை வீட்டில் இருக்கிறான், அங்கே வேறு ஆள் வருகிறார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்ததும் என் போன் நம்பர்தான்; அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் நானே பேசிச் சமாளித்தேன்.

நீவும்போது துண்டைக் கடித்துக்கொள்வான். "வுட்ருமா, உயிர் போவுது" என்பான். நான் விட்டதில்லை. முடிந்ததும் முகத்தைத் துடைத்து, ஊட்டிவிடுவேன். இடது கையால் சாப்பிட அவனுக்கு மனசு வராது. என் தோளில் சாய்ந்தபடியே வாங்கிக்கொள்வான். அத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

மஸ்கட்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியிலும் நிறுத்திவிட்டார்கள். அழுதான். நான்தான் தேற்றினேன்.

சில மாதம் கழித்துக் கட்டை ஒரேயடியாக அவிழ்த்தும் கை மடங்கவில்லை என்றதும் டாக்டரிடம் போயே தீருவேன் என்றான். நானும் கூடப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாருப்பா இதைப் போட்டு நீவினது?"

"நீங்கதானே சார் சொன்னீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவனும் பார்த்தான்.

"இன்னாமா சொல்றாரு இவரு?"

வெளியே பஸ் ஸ்டாப்பில் மறுபடி கேட்டான், "ஏம்மா?" என்று மட்டும்.

"அவ்வளவு தூரத்துல உனக்கு யாருடா ஊட்டுவாங்க" என்றேன்.

ஆவடி பஸ் வந்ததும் நான் ஏறினேன், அவன் ஏறவில்லை. ஐயப்பன்தாங்கலில் ஒரு கூட்டாளி வீட்டில் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. புகாரில் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கோணல்மாணலாக இருக்கிறது, நீங்கள் காட்டினீர்களே.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். மூட்டு இறுக வேண்டும் என்றுதான் செய்தேன். அவன் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

வளர்ந்த எலும்பை வெட்டியெடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறதாம். இந்த முறை பெரிதாகக் கிழிக்க வேண்டுமாம். அப்படியும் பழையபடி வராது, கொஞ்சம்தான் மடங்கும் என்கிறார் டாக்டர். கூட்டாளிகளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ள என்ன தெரியும்? அவனிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், மேடம். ஆபரேஷன் முடிந்ததும் நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்.