ஒத்தக் கைக்கு ஒரு பட்டன்

சிரிக்காதீங்க பாய். நேத்து நீங்க என் கம்ப்யூட்டர்ல, புரோகிராம் எழுதுற எடிட்டர்ல, எஃப் ஒன்பது பட்டன செட் பண்ணிக் குடுத்தீங்க. ஒரே தட்டு, கம்பைலாகி ஓடுச்சு. உங்க கடையில ஓடுச்சு லா. பெடாஸ் தோட்டத்துக்குக் கொண்டு போயி போட்டா பட்டன் செத்துக் கெடக்கு. திரும்ப கம்ப்யூட்டர மோட்டார் சைக்கிள் பின்னால கட்டிக்கிட்டு சிரம்பானுக்கு உங்ககிட்ட வாரேன்.

நேத்து இங்க கம்ப்யூட்டர எப்படி அணைச்சேனா? சுவத்து சுவிட்ச தட்டினேன். பின்ன? புரோகிராம்ல ஒரு வரி தப்பா இருந்துச்சு, திருத்தணும். கரண்ட் ஓடுறப்ப மெஷின்ல எவன் கை வைப்பான்? ரப்பர் ஸ்டோர்ல, ஷீட் உருட்டுற ரோலர் மெஷின் பக்கம், இருவது வருசம் ராத்திரி வேலை பாய். மெயின அணைக்காம எனக்குக் கையே போவாது.

பட்டன் செட்டிங்க சேவ் பண்ணிட்டு அணைக்கணுமா? இத நேத்தே சொல்லக்கூடாதா!

நாளைக்குப் பத்து மணிக்குத் தோட்டத்து மேனேஜர் தொரை முன்னால புரோகிராம ஓட்டிக் காட்டணும். ஓடலன்னா ஆபீஸ் வேலையும் இல்ல, தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணணும்.

என்ன புரோகிராமா? அன்னன்னிக்கு எடுத்த ரப்பர் பால் எடையக் கூட்டிச் சொல்லும். எடைய புரோகிராமுக்குள்ளாறயே எழுதிட்டேன், தெனம் எண்ண மாத்தி மறுபடி கம்பைல் பண்ணணும். தெரியும் பாய், அப்படி எழுதக்கூடாதுதான். நான் படிச்ச பழைய புத்தகத்துல, எண்ண வெளிய இருந்து வாங்குற பக்கம் கிழிஞ்சு போச்சு, என்ன செய்ய?

கண்ட்ரோலும் எஃப் ஒன்பதும் சேத்து அமுக்கினா தானா ஓடும், அது எனக்கும் தெரியும். வேணாம். ஒரே பட்டன்தான் வேணும்.

என்ன அடமா? எனக்குப் பத்து வெரலும் நல்லாத்தான் இருக்கு பாய். வேலை எனக்கில்ல. அர்ச்சுனனுக்கு. என்கூட ராத்திரி ஷிப்டு பாத்தவன். வலது கை மணிக்கட்டோட போச்சு. இடது கைய எவ்வளவு நீட்டினாலும் கீழ கண்ட்ரோலும் மேல எஃப் ஒன்பதும் சேந்து எட்டல. ஒரு மணி நேரம் முயற்சி பண்ணிட்டு, போதும்ணேன்னு எழுந்திரிச்சுட்டான். தொரை, அவன் தனியா ஓட்டணும்ங்கிறாரு.

கை எப்படிப் போச்சா? ரோலர்ல சிக்குன ரப்பர இழுத்துக்கிட்டிருந்தான். நான் பாக்கல. சுவிட்ச போட்டது நான்தான்.

பட்டன செட் பண்ணி சேவ் பண்ணியாச்சா? சரி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க பாய். இடது கையால ஓட்டிப் பாக்குறேன்.