கீர்த்தி கோல்டில் எழுத்து ஓடாது

இந்த டீயில் ஏலக்காய் போடச் சொன்னது யார் என்று தெரியவில்லை, சார். நல்ல தேயிலைக்கு ஏலக்காய் தேவையில்லை. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், சூடாக இருக்கிறது, இந்தக் குளிருக்கு அதுவே போதும். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற முறையில் சொன்னால் நான் ஏதோ கிறுக்கன் போலத் தெரிவேன். என் போக்கில் சொல்ல விடுங்கள்.

என் பெயர் கீர்த்திவாசன். கீழ் கோத்தகிரி பக்கம் மூன்றோடைத் தேயிலை எஸ்டேட்டுக்கும் அதன் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் கேபிள் டிவி கொடுப்பவன். கடைவீதியில் மாடி அறைதான் என் கண்ட்ரோல் ரூம். சில்வர் ஓக் மரத்துக்கு மரம் ஏறிக் கேபிள் இழுத்தவன் நான். காலில் அட்டை கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

மற்றவர்கள் மாதிரி மாதச் சந்தா வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சினிமா மேல் மரியாதை உண்டு, அதுதான் வினை. உள்ளூர் சேனல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கதாநாயகி சாகக் கிடப்பாள், அவள் கழுத்துக்குக் கீழே ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும். நாயகன் கதறி அழுவான், மூலையில் எந்த வீட்டுக் குழந்தைக்கோ பிறந்தநாள் வாழ்த்து வரும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அதனால் கோயம்புத்தூர் போய் முறையாக உரிமை வாங்கி வந்து தனிச் சேனல் ஒன்று தொடங்கினேன். கீர்த்தி கோல்டு. தினமும் மாலை ஆறரைக்கு ஒரு படம். விளம்பரம் கிடையாது, படத்தின் மேல் ஓர் எழுத்துகூட ஓடாது. அதைத்தான் கடைப் பலகையிலும் எழுதி வைத்தேன். பள்ளிக்கூட லீவு, சிறுத்தை நடமாட்டம், கலெக்டர் ஆபீஸ் எச்சரிக்கை, இதற்கெல்லாம் லோக்கல் சேனல் என்று இன்னொன்று இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது.

கோல்டு ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. நானே எதிர்பார்க்கவில்லை. பொழுது சாய ஃபேக்டரிச் சங்கு ஊதும். இலை எடை போட்டுவிட்டு வந்து குளித்து, அடுப்பைப் பற்றவைத்து, ஆறரைக்கெல்லாம் எல்லோரும் டிவி முன்னால் இருப்பார்கள். லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் பொதுச்சுவர். முதல் வீட்டில் தொடங்குகிற பாட்டு கடைசி வீடு வரை ஒரே பாட்டாகக் கேட்கும். பனி இறங்கிய ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு நான் அதைக் கேட்டிருக்கிறேன், சார். எனக்கு அப்போது யார் மேலும் ஒரு கோபமும் இருந்ததில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு புது செட்-டாப் பெட்டிகள் கொடுத்தேன். எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று என் திரையில் தெரியும். கோல்டு பார்க்கிற ஒவ்வொரு வீடும் ஒரு பச்சைப் புள்ளி. கீழ் லைன் தெய்வம்மா ஒரு நாள் கேட்டார். "ஏனுங்க தம்பி, தேட்டர்ல கை தட்டுனா உள்ள படம் ஓட்டற ஆளுக்குக் கேக்கும். எங்க ஊட்ல தட்டுனா உங்களுக்கு எங்கீங்க கேக்கும்?"

"படம் புடிச்சிருந்தா பெட்டிய ஒருக்கா அணைச்சுப் போடுங்கக்கா, எனக்குத் தெரியும்" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். அன்று மாலையே படம் முடிந்ததும் அவர் வீட்டுப் புள்ளி அணைந்து எரிந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீடுகளும் சேர்ந்துகொண்டன. கொஞ்ச நாளில் அது எங்கள் பக்கத்து வழக்கமாகிவிட்டது. நல்ல படம் என்றால் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அணைந்து மறுபடி எரியும். என் மனைவி உமாராணி வாசலில் நின்று, "நீங்க என்னையக் கட்டுனதுக்கு அந்தப் புள்ளியக் கட்டியிருக்கலாமுங்க" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கைதட்டலுக்காகத்தான் நான் மறுநாள் எழுந்தேன்.

மொய்னுதீனைப் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் வேலை பார்த்தவன், தங்கமான பையன். மரம் ஏறக் கற்றுக்கொடுத்ததே நான்தான். மூன்றோடைப் பள்ளத்தில் எந்த போனுக்கும் டவர் கிடைக்காது. அவன் தனியாகப் பிரிந்து, ஃபைபர் கேபிள் இழுத்து, லைனுக்கு வைஃபை கொடுத்தான். அதன் பிறகு போன் பேசுவதும் அதில்தான், அவரவர் கையில் அவரவர் படம். தெய்வம்மாவின் மகள் கலைமதிதான் முதலில் வந்தாள். "அண்ணா, நாங்க இனி போன்லயே பாத்துக்கறோமுங்க. பெட்டியக் கொண்டாந்து குடுக்கட்டுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அவள் படியிறங்கிய பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சார். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

புள்ளிகள் குறைந்தன. கோவிலில் சாமி இருக்க, கும்பிட ஆள் இல்லாத மாதிரி சில மாலைகளில் ஐந்தாறு வீட்டுக்காகப் படம் ஓட்டினேன். ஒரு மழை நாளில் மரம் விழுந்து மொய்னுதீனின் கேபிள் அறுந்தது. அன்று மாலை எல்லாப் புள்ளிகளும் திரும்பி வந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. மரம் எப்போதும் நம் வசதிக்கு விழாது அல்லவா? அதற்கப்புறம் மழை வலுக்கிற நாட்களில் பாலத்து வளைவில் நானே அறுத்தேன். பாவம், காட்டெருமை கொம்பில் மாட்டி அறுக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். "என்னங்ணா பண்றது?" என்று என்னிடமே வந்து யோசனை கேட்டான். கேபிளை இன்னும் உயரத்தில் கட்டச் சொன்னேன். அது நல்ல யோசனைதான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். விடாத மழை. மத்தியானம் அறுத்தேன். சாயங்காலம் ஆறரைக்குப் படம் போட்டேன். ஊமைத் தகப்பன், தொலைந்த மகள், கடைசியில் ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள், அந்த மாதிரிக் கதை. புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. கீழ் லைன் முழுவதும் வந்தது. கடைசியாகத் தெய்வம்மா வீட்டுப் புள்ளி. அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசு துடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கலைமதியும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இடைவேளை சமயத்தில் வி.ஏ.ஓ. ஜோதிமணி மேடம் போன் செய்தார்.

"ஏனுங்க கீர்த்தி, கீழ் லைனுக்கு மேல சரிவு வெடிப்பு விட்டிருக்குதுங்க. எல்லாரும் இப்பவே ஸ்கூலுக்குப் போயாகோணும். நாங்க வர்ற வழியில மரம் விழுந்து ஜீப் நிக்குது. யாருக்கும் போனே போக மாட்டேங்குது. அங்க டிவி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க மேடம்."

"உடனே போட்டுருங்க. உங்கள நம்பித்தானுங்க இருக்கறேன்."

"போட்டுடறேனுங்க."

போட்டேன், சார். நீங்கள் பதிவை எடுத்துப் பார்க்கலாம். லோக்கல் சேனலில் சிவப்பு எழுத்தில் திரும்பத் திரும்ப ஓடியது. கீழ் லைனிலிருந்து ஒரு வீடும் அந்தச் சேனலில் இல்லை. அது எனக்குத் தெரியும். என் எதிரில்தானே திரை இருந்தது.

கோல்டில் ஏன் போடவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். பாதிப் படம் முடிந்து, மகள் ஊருக்கு வந்து இறங்கியிருக்கிறாள். அந்த இடத்தில் எழுத்து ஓட்டினால் என்ன ஆகும்? எழுந்து, செருப்பு மாட்டி, குடை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாப் புள்ளியும் போய்விடும். காலையில் மொய்னுதீன் கேபிளைக் கட்டிவிடுவான், மறுபடி யாரும் வரப்போவதில்லை. அதுவுமில்லாமல் நான் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. அந்தச் சரிவு எத்தனை மழையைப் பார்த்தது, இன்னும் பாதிப் படத்துக்குத் தாங்காதா என்று நினைத்தேன். முடிந்ததும் நானே கேமரா முன் நின்று நிதானமாகச் சொல்வதாக இருந்தேன். சொல்ல வேண்டியதை எழுதியும் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் நடந்தே போகிற தூரம்தான். ஆமாம், அதுவும் தெரியும்.

மேடம் மறுபடி அழைத்தார். நான் எடுக்கவில்லை. ரயில் நிலையக் காட்சி வந்துவிட்டது. தகப்பன் வாய் திறக்க முடியாமல் கையை மட்டும் நீட்டுவான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் எதற்கும் எழுந்ததில்லை. உமாராணி உள்ளே வந்து, "போன் அடிக்குதுங்களே" என்றாள். கையால் பொறு என்றேன்.

மொய்னுதீன் மறுநாள் அறுந்த நுனியைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினான், இல்லையா? கொம்பில் மாட்டினால் நார் நாராகப் பிய்யும், இது கட்டிங் பிளேயரில் வெட்டினது என்று சரியாகவே சொன்னான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கற்றுக்கொடுத்த தொழில். கீழ் லைனில் இருந்தவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன, என்னைப் படிக்கச் சொல்லாதீர்கள். தெய்வம்மா அக்காவையும் கலைமதியையும் மண்ணுக்கடியிலிருந்து ஒன்றாகத்தான் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேபிளை அறுத்தது நான். எச்சரிக்கையை அவர்கள் கண்ணில் படாமல் வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் படத்தை முழுதாகப் பார்த்தார்கள். முடிவு வந்து, திரை கறுத்து, நான் எழுதிவைத்த தாளைக் கையில் எடுத்தபோதுதான் புள்ளிகள் அணைந்தன. எப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அணையும். அன்று கீழ் லைன் முழுவதும் ஒரே நேரத்தில் அணைந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு, எப்போது எரியும் என்று சிரித்தபடி காத்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன் கிடைத்ததே இல்லை, சார்.