வேண்டாம் என்று சொல்லப் போன அணை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கோமுகி அணையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிய எங்கள் பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. முன்சீட்டு அம்மா தன் கணவரிடம் சொன்னார்:

“உங்கள வாணாம்னு சொல்லத்தான் அன்னிக்கு நான் அந்த அணைக்கு வந்தேன்.”

“இன்னாது? பொண்ணு பாக்க வந்தப்பவா?”

“ஆமா. பெரியவங்க நம்பள கரையில உட்டுட்டு ஒதுங்கிட்டாங்க. இப்ப பூங்கா, ஊஞ்சல், பஜ்ஜிக்கடைனு ஒரே கூட்டம். அப்ப வேடிக்க பாக்கக்கூட ஒண்ணும் இல்ல. வேற வழியில்லாம உங்ககிட்ட பேசிக்கினு இருந்தேன். பேசப் பேச புடிச்சிப்போச்சு.”

கணவர் பஸ் வந்த வழியைக் கைகாட்டினார்.

“அந்த பஜ்ஜிக்கடைய அப்பவே வெச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

அந்தம்மா சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.