இருபது பங்கு கீழே

புதுக் கணினி வாங்கினால் ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்களில், பழைய ப்ளகின்களில், பாதி திறக்காது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் புலம்புவார்கள். ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த எதிரொலிகளும் கைக்குப் பழகிய வடிகட்டிகளும் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக நிற்கும். 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி வரும். மேல்பூச்சு எதுவும் இல்லாமல் பாட்டு பச்சையாக ஓடும். நேற்று உன் மடிக்கணினியில் அம்மாவின் பழைய கோப்புகளைத் திறந்தபோது உனக்கு வந்ததும் அந்த வரிதான். அதில் உன் தவறு ஒன்றுமில்லை.

"அப்பா, ப்ளகின் இல்லாமயே அம்மா குரல் சரியா இருக்கு. அது எப்படி?" என்று கேட்டாய். கதவருகே நின்றுகொண்டே கேட்டாய். உட்கார்ந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். நின்றுகொண்டு கேட்பவர்களிடம் நீளமாகப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது உனக்கு ஒன்பது வயது. கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நம் ஸ்டூடியோ இருந்தது. ஒன்றில் நான் இருப்பேன். மற்றதில், இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால், உன் அம்மா பாடுவாள். சுருதி விலகிய இடத்தைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் வைக்கும் ப்ளகின் ஒன்று என்னிடம் இருந்தது. யாரோ தனி ஆள் எழுதியது. அவர் கடையைக் கட்டிவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு பிட் காலத்துச் சரக்கு. நான் அந்த வருடம் வாங்கிய கணினிக்கு அதன் பாஷை புரியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் துபாஷி மாதிரி நின்று பேசிவைக்கும் சின்ன மென்பொருள்கள் அப்போது கிடைத்தன. ஒன்றைப் போட்டேன். முதல் நாளே ஓடியது.

ஓடவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

அதற்குச் சில நாள் முன்புதான் தாடி வந்திருந்தார். இசையமைப்பாளர், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். எட்டு மாதம் நாடு நாடாகப் போகும் பாட்டுக் குழுவுக்கு அவர் ஒரு பாடகியைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று பாட்டுப் பதிவு செய்து வையுங்கள், வந்து கேட்கிறேன் என்றார். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட உன் அம்மா கவனிக்கவில்லை.

"குழந்தையை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்கல்ல?" என்றாள்.

அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. பதில் சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒலிபெருக்கி வழியாக ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் ஒரு வரி பாடியதில்லை. அந்த எட்டு மாதமும் வேறொருவன் சொல்வான், இவள் பாடுவாள். எட்டு மாதம் பிறகு எட்டு வருடமாகும். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து கண்ணாடிக் கடை மாடியில் பாடியதை நான் பார்த்ததில்லை. குடும்பம் சிதறக் கூடாது என்று நினைப்பது ஒரு தகப்பனுக்குத் தகாத நினைப்பு அல்ல.

முதல் பாட்டை அவள் பாடி முடித்ததும், கேட்கக் கொடுப்பதற்கு முன் அந்த ப்ளகினைப் போட்டேன். மேலே இழுக்கத் தெரிந்த கருவிக்குக் கீழே இழுக்கவும் தெரியும். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள தூரத்தை நூறு பங்காக்கினால், அதில் இருபது பங்கு. எல்லா இடத்திலும் இல்லை. அவள் நின்று நீட்டுகிற இடங்களில் மட்டும். முழுக்க இறக்கியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "பாடும்போது சரியாத்தானே இருந்துச்சு?"

"பாடுறவங்க காதுக்கு அப்படித்தான் இருக்கும்."

"முன்னாடி எல்லாம் இப்படி இல்லையே."

அப்போதுதான் சொன்னேன். முன்பும் இப்படித்தான், ஒவ்வொரு பாட்டையும் நான் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாகத் தூக்கி வைத்திருக்கிறேன், இப்போது புதுக் கணினியில் அந்த ப்ளகின் ஓடாததால் உன் குரல் உள்ளபடி கேட்கிறது என்றேன். உண்மையில் எப்போதாவது ஓரிரு இடம் தொட்டிருப்பேன். அதை யாருக்கும் செய்வோம்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமா என்னைக் காப்பாத்திட்டு வந்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லல" என்று அழுதாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் எனக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன்.

இரண்டாவது பாட்டிலும் அதே இருபது பங்கு. சரியாக இருக்கிறது என்று நீ சொன்னது இந்த இரண்டையும்தான். உன் கணினி அந்த ப்ளகினுக்கு இடம் கொடுக்கவில்லை, அவள் பாடியது பாடியபடியே வந்துவிட்டது. ப்ளகின் ஓடவில்லை என்று அன்று நான் சொன்ன பொய் இன்று நிஜமாகியிருக்கிறது.

மூன்றாவது பாட்டு கோணலாகத்தான் இருக்கிறது என்று நீ சொன்னாய். ஆமாம். அந்தக் கோணல் அவளுடையது. அதில் நான் எதுவும் போடவில்லை. தேவைப்படவில்லை.

தாடி வந்து மூன்றையும் கேட்டார். தலையை ஆட்டவுமில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. எழுந்தபோது, "டீ நல்லா இருந்துச்சும்மா" என்றார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை உன் அம்மா காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். இருந்தவை மூன்று டம்ளர்கள்தான்.

அதன் பிறகு அவள் பாடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஸ்டூடியோ தொலைபேசியை எடுத்தாள், வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள், உன் பரீட்சைகளுக்கு விடியுமுன் எழுந்தாள். உன் பள்ளி விழாவில் பெற்றோர் எல்லோரையும் எழுந்து பாடச் சொன்னபோது அவள் வாயை மட்டும் அசைத்தாளாம். நீதான் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய். அவளும் சிரித்தாள். பதினோரு வருடம் ஒரே வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். எத்தனை வீட்டில் அது நடக்கிறது?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். ஜன்னல் ஓரம் வெயில் விழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, அந்த மூணு பாட்டு. நிஜமாவே அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

சொல்ல அது நல்ல நேரம்தான். அறையில் யாருமில்லை. அவள் கோபப்படும் நிலையிலும் இல்லை. ஆனால் போகிற உயிரை எதற்குக் கலக்க வேண்டும் என்று தோன்றியது.

"மோசம்னு சொல்ல முடியாது. வயசாச்சுல்ல," என்றேன்.

அந்தப் பாட்டுகளைப் பாடியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதை அவளே சொன்னாள். "முப்பத்தாறுங்க," என்றாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. அவள் குரலில் ஒரு பழுதும் இல்லை. பழுது என்று நம்பவைத்தது நான். தெரிந்து செய்தேன், இரண்டு மதியங்கள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல். அவள் கூடப்பிறந்த உன் மாமாவிடமும் தாடியிடமும் நீயே சொன்னால் எனக்குச் சுலபம்.

அம்மாவின் பாட்டை எல்லோரும் கேட்கும்படி வெளியிடப் போவதாகச் சொன்னாய். நல்லதுதான். ஆனால் ஒரு விஷயம். இரண்டாவது பாட்டில், சரணம் முடிகிற இடத்தில், அவள் குரல் லேசாக மேலே ஏறியிருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வெளியே கொடுக்கும் முன் அதை ஒருமுறை என்னிடம் கொண்டு வா. சரிசெய்து தருகிறேன்.